பூங்காவிலிருந்து பற்றைக்கு: ஊவா மலைச்சரிவுகளில் உண்ணிச்செடியின் வரலாறு

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறும் நெடுஞ்சாலை ஹல்துமுல்லையைக் கடந்து பெரகல சந்தியை அடைந்ததும் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை ஹப்புத்தளை, பண்டாரவளை ஆகிய ஊர்களினூடாகப் பதுளைத் திசை நோக்கி ஏறுகின்றது. மற்றையது கொஸ்லந்தையைத் தொட்டு வெல்லவாயச் சமவெளிக்கு இறங்குகின்றது. மத்திய மலைநாட்டின் தென்விளிம்பு செங்குத்தாய்ச் சரியும் இடம் இது. வானம் தெளிந்த நாளில் கீழே உடவளவை நீர்த்தேக்கம் வரையில் தாழ்நிலம் விரிந்து கிடப்பதைக் காணலாம்.

இச்சரிவுகளில் தேயிலைக்கும் பாறைக்கும் பாதைக்கும் இடையே எஞ்சிய துண்டு நிலங்களை ஒரு முட்செடி நிறைத்து நிற்கின்றது. மஞ்சளாய் மலர்ந்து, நாட் செல்லச் செம்மஞ்சளும் சிவப்புமாய் நிறம் மாறும் சிறு பூக்கள், ஒரே கொத்தில் பல நிறங் காட்டுவன. பச்சைக் காய்கள் பழுத்துக் கருநீல மணிகளாகும். சொரசொரப்பான இலையைக் கசக்கினால் எழும் கடுமணம் கையை விட்டு எளிதில் நீங்குவதில்லை. தமிழர் இதனை உண்ணிச்செடி என்றும் நாயுண்ணி என்றும் அழைப்பர். சிங்களத்தில் இதன் பெயர் கந்தபான. அப்பெயரின் முற்பகுதி மணத்தையே சுட்டுகின்றது. தாவரவியலார் இதற்கு இட்ட பெயர் லந்தானா கமரா.

களை என்ற ஒரு சொல்லாற் கூறி இச்செடியைக் கடந்து செல்வதே வழக்கம். ஆயின் இந்நாட்டுக்கு இது களையாக வந்து சேரவில்லை. அழகுக்காக, அரசுப் பூங்காவில் வளர்க்கும் பொருட்டு, விரும்பிக் கொண்டுவரப்பட்ட அலங்காரப் பூஞ்செடி இது. பூங்காச் செடி மலைநாட்டின் பற்றையானது எவ்வாறு என்னும் வினாவுக்குச் செடியின் இயல்பு ஒரு பாதி விடையையே தருகின்றது. மறுபாதி விடை இம்மலைகளின் காணி வரலாற்றிலும், அக்காணியில் உழைத்தோரின் வரலாற்றிலும் பொதிந்துள்ளது. அவ்விரண்டினையும் ஒருங்கு நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்ணாடி வீட்டின் வளர்ப்பு

உண்ணிச்செடியின் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. 17 ஆம் நூற்றாண்டில் பிரேசிலின் ஒரு பகுதி ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்தபோது அங்கிருந்து இது ஒல்லாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ‘கமரா’ என்பது பிரேசிற் பழங்குடியினரின் சொல். சுவீடிய அறிஞர் லின்னேயசு 1753 இல் வெளியிட்ட தாவரவியற் பெருநூலில் அச்சொல்லையும் இணைத்தே இதற்குப் பெயரிட்டார்.

ஐரோப்பாவில் இது மென்மையான செடியாகவே கருதப்பட்டது. உறைபனியை இது தாங்காது. ஆகவே தோட்டக்காரர் கோடையின் பிற்பகுதியில் தண்டிலிருந்து வெட்டுத்துண்டுகள் எடுத்துச் சட்டிகளில் வேரூன்றச் செய்தனர். குளிர்காலம் முழுவதும் அவற்றைச் சூடூட்டிய கண்ணாடி வீடுகளுக்குள் வைத்துக் காத்தனர். வசந்தம் முடிந்து உறைபனி அச்சம் நீங்கிய பின்னரே பூப்பாத்திகளில் நட்டனர். கிளைகள் மிகுந்து கொத்துகள் பெருகும்பொருட்டு இளங்கொழுந்துகளை அடிக்கடி கிள்ளிவிட்டனர். எருவை அளவோடு இட்டனர். எரு மிகுந்தால் இலை தழைத்துப் பூ குறையும். வெயிலும் வடிகாலும் இருந்தாற் போதும், நீர் சற்றுக் குறைந்தாலும் செடி வாடாது. செல்வர் மாளிகைப் பூங்காக்களில் நிறநிறமான பாத்திகள் அமைக்கும் நாகரிகம் 19 ஆம் நூற்றாண்டில் ஓங்கியபோது இச்செடியின் மதிப்பும் உயர்ந்தது.

அத்தோட்டக்காரர் தாயகத்துச் செடியை அவ்வாறே வைத்திருக்கவும் இல்லை. ஒன்றோடொன்று கலப்புச் செய்து, புதிய நிறங்களும் மிகுந்த வீரியமும் உடைய பல வகைகளை உருவாக்கினர். இன்று உலகெங்கும் பரந்து கிடக்கும் உண்ணிச்செடி இக்கலப்பு வகைகளின் வழித்தோன்றலாகும். காட்டிலே தானாக உருவான ஓர் இனமாக இதனைக் கொள்ளுதல் பொருந்தாது.

பூங்காத் தோட்டக்காரர் போற்றிய பண்புகள் யாவை? வெட்டினால் மேலும் கிளைத்தல், தண்டுத் துண்டிலிருந்து எளிதில் வேர்விடுதல், வறட்சியைத் தாங்குதல், மெலிந்த மண்ணிலும் பூத்தல், நீண்டகாலம் ஓயாது பூத்தல் என்பன. ஐரோப்பாவில் இப்பண்புகளுக்கு எல்லை வகுத்தது ஆண்டுதோறும் வந்த உறைபனியே. அந்த எல்லை இல்லாத நிலத்தில் இப்பண்புகள் என்ன செய்யும் என்பதை அங்கிருந்தோர் அறிய வாய்ப்பிருக்கவில்லை.

பேராதனை வழியாக வந்த பூ

1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1817-18 இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சி கடுமையாக அடக்கப்பட்டது. ஊர்களும் வயல்களும் பாழாக்கப்பட்டன. அதனை அடுத்து 1821 இல் பேராதனையில் அரச தாவரவியற் பூங்கா அமைக்கப்பட்டது. அக்காலத் தாவரவியற் பூங்காக்கள் அழகு காணும் இடங்களாக மட்டும் அமையவில்லை. பேரரசின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் பயன்தரு செடிகளை மாற்றிப் பயிரிட்டுப் பார்க்கும் ஆய்வுக்களங்களாகவும் அவை விளங்கின. கோப்பி, சிங்கோனா, தேயிலை, இறப்பர் ஆகிய பயிர்களின் இலங்கை வரலாறு இப்பூங்காக்களோடு பிணைந்ததே.

அவ்வழியிலேயே உண்ணிச்செடியும் வந்தது. இந்தியாவில் இது 19 ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே கல்கத்தாத் தாவரவியற் பூங்காவை அடைந்திருந்தது. இலங்கையில் 1826 இல் பேராதனையில் இடம்பெற்றது. இங்கு அதற்குக் கண்ணாடி வீடு தேவைப்படவில்லை. மலைநாட்டின் இடைநிலை உயரங்களில் உறைபனி இல்லை. மழையும் வெயிலும் மாறி மாறி வருவதால் ஆண்டு முழுவதும் பூத்தது, காய்த்தது. கொண்டைக்குருவி முதலிய பறவைகள் கருநீலப் பழங்களை உண்டு விதைகளைத் தொலைவுக்குப் பரப்பின. பூங்காவின் மதிலைத் தாண்டுவதற்கு இவையே போதும்.

எனினும், மதிலைத் தாண்டிய செடி எங்கே போய் வேரூன்றும்? அடர்ந்த மலைக்காட்டின் நிழலில் உண்ணிச்செடி செழிப்பதில்லை. அதற்கு வெயில் வேண்டும். வெறுமையாக்கப்பட்ட மண் வேண்டும். பறவை எத்தனை விதைகளைக் கொண்டுசென்று இட்டாலும், காடு காடாகவே நின்றிருந்தால் அவற்றுட் பெரும்பாலானவை வீணாகியிருக்கும். வெயிலும் வெறுமண்ணும் கிடைக்கும் வகையில் மலைகளைத் திறந்துவிட்டது வேறொரு பயிர்.

கோப்பி திறந்த மலைகள்

1830கள் முதல் கோப்பித் தோட்டங்கள் மலைநாட்டில் விரைந்து பரவின. உறுதி காட்டவியலாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொள்வதற்கு 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் வழிசெய்தது. அந்நிலங்கள் குறைந்த விலைக்குத் தோட்டத்துரைமாருக்கு விற்கப்பட்டன. மரங்கள் வீழ்த்தப்பட்டு எரியூட்டப்பட்டன. சரிவுகள் அடிமுதல் உச்சிவரை வெறுமையாயின. 1870களின் இறுதியில் கோப்பி ஏறத்தாழ 275,000 ஏக்கர் நிலத்தை அடக்கியிருந்தது. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் முதலிய பகுதிகளின் வறட்சியினின்றும் கடனினின்றும் கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரே இம்மலைகளில் உழைத்தோருட் பெரும்பாலோர்.

1869 இல் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலேயே கோப்பி இலைத்துரு நோய் முதன்முதல் இனங்காணப்பட்டது. இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொடியாய்த் தோன்றிய அந்தப் பூஞ்சணம் இரு பத்தாண்டுகளுள் நாட்டின் கோப்பிப் பொருளாதாரத்தைச் சரித்துவிட்டது. 1880 இல் இந்நோயை ஆராயும்பொருட்டு இலங்கைக்கு அனுப்பப்பட்ட மார்சல் வார்டு, காற்றில் மிதந்து பரவும் நுண்வித்துகளாலேயே நோய் பரவுகின்றது எனத் தெளிவுபடுத்தினார். ஒரே பயிரை மலை மலையாக நெருக்கி நட்டமை நோய்க்கு வழி திறந்துவிட்டது என்பதும் அவரது ஆய்வால் விளங்கிற்று. ஆயினும் காலங் கடந்திருந்தது. தோட்டங்கள் கைவிடப்பட்டன, துரைமார் பலர் நாடு திரும்பினர். தொழிலாளர் பலர் வேலையிழந்து கடனோடு மீண்டனர். நோயாலும் பசியாலும் மாண்டோரும் உளர்.

கைவிடப்பட்ட அந்தக் கோப்பி நிலங்களே உண்ணிச்செடி காத்திருந்த நிலங்கள் எனலாம். காடு திரும்பி வளர்வதற்குமுன் பற்றை நிலத்தைப் பற்றிக்கொண்டது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை, கோப்பி வீழ்ந்த இடங்களுட் பலவற்றை விரைவிலேயே நிரப்பியது உண்மையே. 1890 இல் தோமஸ் லிப்டன் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1893 இல் புகையிரதப் பாதை ஹப்புத்தளையை எட்டியது. இவை பெரகல சூழ்ந்த பகுதியைத் தேயிலை நாடாக்கின. எனினும், தேயிலைக்கு ஏற்றதன்று என ஒதுக்கப்பட்ட சரிவுகளும், மண் கரைந்துபோன முகடுகளும், பாதையோரங்களும், ஓடைக்கரைகளும் பற்றைக்கே விடப்பட்டன. கோப்பிக் காலத்தின் தழும்பு எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் உண்ணிச்செடி பூத்தது.

சுரண்டியும் பற்றையும்

தோட்டத்துரைமாரின் கணிப்பில் நல்ல தோட்டம் என்பது ஒரு புல்லும் தலைகாட்டாத தோட்டம். கோப்பிக் காலத்திலும் தேயிலையின் முதற்காலத்திலும் ‘சுத்தப் புல்லுவெட்டு’ தோட்ட நிருவாகத்தின் பெருமையாகக் கொள்ளப்பட்டது. பெரட்டுக் களத்திற் பெயர் பதிந்து வேலைக்குப் பிரிக்கப்பட்ட ஆண்களும் பெண்களும் சிறுவரும் மலைமலையாகச் சுரண்டி பிடித்து மண்ணைச் சுரண்டினர். மழை பெய்தபோது சுரண்டப்பட்ட மேல்மண் ஓடைகளில் இறங்கிச் சமவெளிக்குப் போயிற்று. 1931 இல் வெளியான மண்ணரிப்புக் குழுவின் அறிக்கை இவ்வழக்கத்தின் கேட்டை அரசாங்க மட்டத்தில் எடுத்துரைத்தது. அதற்குள் இரு தலைமுறைத் தொழிலாளரின் முதுகு அவ்வேலையில் வளைந்திருந்தது.

இவ்விடத்து ஒரு முரண் மனங்கொளத்தக்கது. துப்புரவாக வைக்கப்பட்ட நிலம் தன் மண்ணை இழந்துகொண்டிருந்தபோது, கைவிடப்பட்டுப் பற்றை மூடிய நிலம் அதனைக் காத்துக்கொண்டது. உண்ணிச்செடியின் பின்னிய தண்டுகள் மழைத்துளியின் வேகத்தைத் தாங்கின. உதிர்ந்த இலைகள் மட்கி மெலிந்த மண்ணுக்கு உரமாயின. பற்றை வளர்ந்து கிடந்த பழைய கோப்பி நிலத்தில் மண் தேறியிருந்ததை அக்காலத் தோட்டக்காரர் சிலரும் கண்டு எழுதினர். ஆகவே இச்செடியை முழுத் தீமையாகக் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

தொழிலாளர் வாழ்விலும் அது இருமுகங் கொண்டது. காய்ந்த தண்டு லயத்து அடுப்புக்கு விறகாயிற்று. பற்றை ஆடு மாடு நுழையாத வேலியாயிற்று. சேமித்த உருளைக்கிழங்கை அந்துப்பூச்சியினின்றும் காக்க இதன் இலையைப் பரப்பி வைக்கும் முறை மலைநாடுகள் பலவற்றில் உண்டு. பழுத்த மணிகளைச் சிறுவர் பறித்து உண்பர். ஆயின் பழுக்காத காய் நஞ்சு. இலையை மேய்ந்த மாடு ஈரல் கெட்டு, வெயில் படும் தோல் புண்ணாகி வருந்தும். லயத்துக் கொட்டிலில் ஒரு பசுவை வைத்திருந்த குடும்பத்துக்கு அது சிறிய இழப்பன்று.

பற்றையை அகற்றும் வேலையும் இத்தொழிலாளர் தலையிலேயே விழுந்தது. கத்தியால் வெட்டிய அடிக்கட்டையிலிருந்து முன்னிலும் பல கிளைகள் எழும். தீயிட்டாலும் வேர்மேடு துளிர்க்கும். மண்ணிற் படிந்த கிளை வேர்விடும். முள் கீறிய கையோடு வேரைத் தோண்டியெடுத்தால்தான் நிலம் விடுபடும். தில்லிப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் அண்மைக் காலத்தில் ஆய்ந்து பரிந்துரைத்த முறையும் இதனோடு ஒத்ததே. நிலமட்டத்துக்குச் சற்றுக் கீழே, துளிர்விடும் பகுதிக்கு அடியில், ஆணிவேரை வெட்டிச் செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும் என்பது அம்முறை. மண்வெட்டியும் முள்ளும் பிடித்த கைகள் அனுபவத்தாற் கண்டதை ஆய்வு பின்னர் வந்து உறுதிப்படுத்தியது எனலாம்.

பூச்சிகளைக் கொண்டு ஒரு போர்

உண்ணிச்செடியை ஒழிக்கும் முயற்சி அறிவியல் வரலாற்றிலும் ஓரிடம் பெற்றது. ஹவாய்த் தீவுகளுக்கு 1858 இல் அழகுச் செடியாக இது கொண்டுசெல்லப்பட்டது. அரை நூற்றாண்டுக்குள் மேய்ச்சல் நிலங்களை விழுங்கிற்று. 1902 இல் ஆல்பர்ட் கெபெலெ என்பார் மெக்சிக்கோவிலிருந்து 23 வகைப் பூச்சிகளைத் திரட்டி அங்கு அனுப்பினார். ஒரு களையை அதன் இயற்கைப் பகையைக் கொண்டே அடக்கத் திட்டமிட்டுச் செய்யப்பட்ட பெருமுயற்சிகளில் இதுவே முன்னோடி.

இலங்கையில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. 1890களில் உண்ணிச்செடியின் சாற்றை உறிஞ்சும் செதிற்பூச்சி ஒன்று அழைக்காமலே வந்து சேர்ந்தது. அது பல இடங்களில் பற்றைகளை வாடச் செய்தது. ஆயின் தோட்டத்துரைமார் மகிழ்ந்ததிலும் அஞ்சியதே மிகுதி. அப்பூச்சி தேயிலைக்கும் தாவிவிடுமோ என்பது அவர்தம் கவலை. இந்தியாவில் இராமச்சந்திர ராவ் 1916 முதல் 1919 வரை நாடு முழுவதும் ஆய்ந்து, உண்ணிச்செடியைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றி 1920 இல் அறிக்கை வெளியிட்டார். எந்தப் பூச்சியும் இங்கு முழுவெற்றி தரவில்லை. இயற்கைக் காட்டிலே பிறந்த செடிக்கு இயற்கைப் பகை உண்டு. கண்ணாடி வீட்டிற் கலந்து பிறந்த இந்த வகைகளுக்கோ அப்பகைகள் முற்றும் பொருந்தவில்லை என்பர்.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் 2000 இல் தொகுத்த, உலகின் மிகக் கொடிய நூறு ஊடுருவல் இனங்களின் பட்டியலில் உண்ணிச்செடியும் இடம்பெற்றது. பெரகல சரிவின் கீழே, உடவளவைத் தேசியப் பூங்காவில் யானைகள் மேயும் புல்வெளிகளை இது மூடியுள்ளது. யானை இதனைத் தின்பதில்லை.

கூடலூரில் மறுசந்திப்பு

மலையகத் தொழிலாளரின் வரலாறும் இச்செடியின் வரலாறும் பெரகலவோடு முடிவதில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரின் நிலையைப் பேசிற்று. 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவுசெய்வதென்றும் அது கூறியது. அந்த எஞ்சியோரும் 1974 இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர்.

அவ்வாறு ஊவாத் தோட்டங்களிலிருந்தும் பிற தோட்டங்களிலிருந்தும் சென்றோருள் ஒரு பகுதியினர் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பகுதிகளிற் குடியேறினர். அவர்களுக்கு வேலை வழங்கும் நோக்கோடு தமிழ்நாடு அரசு 1968 இல் தேயிலைத் தோட்டத் திட்டமொன்றைத் தொடங்கியது. அங்கும் காடு திருத்தித் தேயிலை நட்டனர். அங்கும் வெயில் பட்ட விளிம்புகளில் உண்ணிச்செடி நின்றது. அதே கவ்வாத்துக் கத்தியும் அதே பற்றையும் அவர்களுக்குக் கடல் கடந்தும் வாய்த்தன.

அப்பகுதிப் பழங்குடி மக்களான பெட்டக் குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் முதலியோர் அண்மைக் காலத்தில் உண்ணித் தண்டுகளை வேகவைத்து, தோலுரித்து, வளைத்து, யானையளவுள்ள யானை உருவங்களைச் செய்துவருகின்றனர். 2021 இல் அவ்வுருவங்கள் இலண்டன் மாநகரின் அரச பூங்காக்களிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஐரோப்பியப் பூங்காவிலிருந்து புறப்பட்ட அலங்காரச் செடி, யானையின் மேய்ச்சலைப் பறித்தபின், யானையின் உருவத்தில் ஐரோப்பியப் பூங்காவுக்கே மீண்டும் அலங்காரமாகச் சென்றது. இதனை விநோதச் செய்தியாக மட்டும் கொள்ளலாகாது. பற்றையை அகற்றும் உழைப்புக்கு உரிய கூலியும் பெயரும் கிடைத்தால் களை பொருளாகும் என்பதற்கு இது கண்கண்ட சான்றாகும்.

பற்றை மூடிய காணியும் காணியற்றோரும்

பெரகலவுக்கு மீள்வோமாயின், இவ்வரலாறு இன்றும் முடியாத ஒரு வினாவை முன்வைக்கின்றது. 1972 ஆம், 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இம்மாற்றங்களினூடே, இலாபந் தராதெனக் கைவிடப்பட்ட தேயிலை மலைகளில், கோப்பி மலைகளில் நிகழ்ந்ததே திரும்பவும் நிகழ்கின்றது. பராமரிப்பற்ற தேயிலை மரமாய் உயர்கின்றது. அதனிடையே உண்ணிப் பற்றை எழுகின்றது.

அம்மலைகளை ஒன்றரை நூற்றாண்டுக் காலம் துப்புரவாக்கிய குடும்பங்களுக்கோ சொந்தக் காணி இல்லை. வாழும் லயம் தோட்டத்தினது. வாசலிற் பூச்செடி நடும் இடமும் தோட்டத்தினதே. துரைமார் பங்களாவின் முற்றத்தில் நாடு நாடாகத் தருவித்த பூஞ்செடிகளைப் பேணி வளர்த்த தோட்டக்காரர்கள், தம் வீட்டு வாசலில் தகரப் பேணிகளிலேயே செவ்வந்தி வளர்த்தனர். 2003 ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை அளித்தது. காணியுரிமை அதனோடு வரவில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாதுகாப்பான இடத்திற் குடியேறுவதற்குச் சொந்தக் காணியற்றவராகவே அம்மக்கள் வாழ்ந்து மடிந்தனர் என்ற உண்மையை நாடு அன்றே கண்டது. அதன்பின் 2015 முதல் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச் காணி என்ற கொள்கை முன்வைக்கப்பட்டது. வீடு கட்டுவதற்கே அது மட்டுமட்டான அளவு.

உண்ணிச்செடி இம்மலைகளை வென்றது தன் வலிமையால் மட்டுமன்று. காட்டை வெட்டிய கோடரி அதற்கு வெயிலைக் கொடுத்தது. மண்ணைத் துரத்திய சுரண்டி போட்டியற்ற நிலத்தைக் கொடுத்தது. இலாபம் குன்றியதும் நிலத்தைக் கைவிட்டுச் செல்லும் பொருளாதாரம் காலத்தைக் கொடுத்தது. உழுபவன் தன் நிலமென்று பேணும் காணியில், வீட்டுத் தோட்டத்தில், மரக்கறிப் பாத்தியில் உண்ணிச்செடிக்கு இடமில்லை. அங்கு அது வேலியோரத்துப் பூவாகவே நிற்கும். ஆகவே இப்பற்றையை ஒழிக்கும் வழியைப் பூச்சிகளிடமும் மருந்துகளிடமும் மட்டும் தேடுதல் போதாது. பெரகல சரிவில் பற்றை மூடிக் கிடக்கும் காணிகளுள் குடியிருக்கத் தக்கவற்றையும் பயிரிடத் தக்கவற்றையும் பிரித்தறிந்து, அவற்றைத் திருத்திய மக்களின் பெயரில் உறுதி எழுதிக் கொடுப்பதும் ஒரு வழியே. அவ்வுறுதி கைக்கு வரும் நாளில், தகரப் பேணியில் வளரும் செவ்வந்தியை மண்ணில் இறக்கி நடலாம்.